கருங்கரடியும் வேட்டைக்காரரும்: ஓர் ஆபத்தின் கணக்கு

எதை எண்ணுவது?

2024 டிசம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் லூனன்பர்க் கவுண்டியில் வேட்டைக் குழு ஒன்று ஒரு கருங்கரடியைத் துரத்தி மரத்தில் ஏற்றியது. குழுவினர் மரத்தடியைவிட்டு விலகிக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருவர் சுட்டார். குண்டு பட்ட கரடி, கீழே நின்ற இன்னொருவர்மீது வந்து விழுந்தது. 58 வயதான அவர் சில நாட்களில் இறந்துபோனார்.

இந்தச் சாவை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கரடி தாக்கி இறந்தார் என்று எழுத முடியாது. விழுந்த கரடிக்கு யாரையும் தாக்கும் நிலை இல்லை. துப்பாக்கி விபத்து என்பதும் பொருந்தாது. குண்டு பட வேண்டிய விலங்கின்மீதுதான் பட்டது. ஆனாலும் வேட்டைக்குப் போன ஒருவர் கரடியால் இறந்திருக்கிறார். காட்டுக்குள் போகும் வேட்டைக்காரருக்குக் கருங்கரடி எவ்வளவு ஆபத்தானது என்று வட அமெரிக்காவில் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டுவருகிறார்கள். கேள்வி எளிது. பதில் சொல்லப் புகுந்தால், எதை ஆபத்து என்று எண்ணுவது என்பதே முதல் சிக்கலாக வந்து நிற்கிறது.

இக்கட்டுரையின் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருங்கரடி மனிதரைக் கொல்வது மிக அரிது. வேட்டைக்காரர் எந்தக் கரடிக்கு அஞ்சுகிறாரோ அது பெரும்பாலும் கொல்வதில்லை. கொல்லும் கரடி வேறு. அதற்கு வாய்ப்பான நிலைமைகளை வேட்டை முறையே அமைத்துக் கொடுக்கிறது. கரடி வேட்டையில் வரும் தீங்குகளில் பெரும்பங்கு கரடியின் சீற்றத்தால் வருவதும் அல்ல. வேட்டை சரியா தவறா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது.

பொம்மையும் பூதமும்

கருங்கரடி பற்றிய பொதுப் புரிதல் இரண்டு படிமங்களுக்கு இடையே ஊசலாடுகிறது. முதலாவது டெடி பொம்மை. 1902 நவம்பரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்துக்குக் கரடி வேட்டைக்குப் போனார். வழிகாட்டியாக இருந்தவர் ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்து, அந்த வட்டாரத்தின் தலைசிறந்த கரடி வேட்டைக்காரராகப் பெயர் பெற்றவர். நாய்கள் வளைத்த கரடியை அவர் அடக்கி மரத்தில் கட்டிவைத்தார். கட்டுண்ட விலங்கைச் சுடுவது வேட்டை நெறி ஆகாது என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். வாஷிங்டன் போஸ்ட் இதழில் கிளிஃபர்ட் பெரிமேன் வரைந்த கேலிச்சித்திரம் அதைப் புகழ்பெறச் செய்தது; அதிலிருந்து பொம்மை பிறந்தது. கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இரண்டு செய்திகளை விட்டுவிடுவார்கள். கட்டப்படுவதற்கு முன் அந்தக் கரடி ஒரு வேட்டை நாயைக் கொன்றிருந்தது. ரூஸ்வெல்ட் சுட மறுத்த பிறகு, அவர் சொற்படியே அதைக் கத்தியால் முடித்தார்கள்.

இரண்டாவது படிமம் வேட்டை இதழ்களின் அட்டைப்படம். பின்னங்காலில் எழுந்து, வாய் பிளந்து, நகம் விரித்து நிற்கும் கரடி. அதன் முன்னே துப்பாக்கி தவறி விழுந்த மனிதன். அவுட்டோர் லைஃப் இதழ், வாசகர்கள் சாவிலிருந்து மயிரிழையில் தப்பிய கதைகளைச் சித்திரத் தொடராகவே பல பத்தாண்டுகள் வெளியிட்டது. வேட்டைக்காரர் கூடும் இடத்தில் கரடி விடுபவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் இங்கே முக்கியமானது மிகைப்படுத்தல் அல்ல, தேர்வு. ஒரு பருவத்தில் ஆயிரம் வேட்டைக்காரர் கரடியைப் பார்க்கிறார்கள். அது திரும்பி ஓடிவிடுகிறது. அந்த ஆயிரத்தில் யாரும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதில்லை.

இந்த அச்சத்தில் பெரும்பகுதி கடன் வாங்கியது. கிரிஸ்லி எனப்படும் பழுப்புக்கரடி வாழும் மொன்டானா, வயோமிங் மலைகளில் வேட்டைக்காரர் தாக்கப்படுவது உண்மையிலேயே திரும்பத் திரும்ப நடக்கிறது. 2018 செப்டம்பரில் வயோமிங்கில், அம்பு பட்டு விழுந்த எல்க் மானை எடுக்கப் போன வழிகாட்டி ஒருவரைக் கிரிஸ்லி கொன்றது. சுட்ட மானின் குடல் குவியலைத் தேடி கிரிஸ்லிகள் வேட்டைப் பகுதிகளுக்கு நகர்வதை யெல்லோஸ்டோன் வட்டார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிரிஸ்லி இல்லாத பென்சில்வேனியாவிலும் ஜார்ஜியாவிலும் மான் வேட்டைக்குப் போகிறவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கரடிதான். கண்ணெதிரே நிற்பது வேறு விலங்கு.

தமிழ் வாசகருக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கரடி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்திலும் முண்டந்துறைக் காட்டிலும் திரியும் நம்மூர்க் கரடி. அதுவும் கறுப்புதான். ஆனால் குணத்தில் அமெரிக்கக் கருங்கரடியோடு அதை ஒப்பிடவே முடியாது. சத்தீஸ்கரின் வடக்கு பிலாஸ்பூர் வனக்கோட்டத்தில் மட்டும், 1998 ஏப்ரலுக்கும் 2000 டிசம்பருக்கும் இடையே 137 தாக்குதல்களும் 11 சாவுகளும் பதிவாயின. ஒரே ஒரு வனக்கோட்டத்தின் மூன்றாண்டுக்கும் குறைவான கணக்கு இது. அடுத்த பகுதியில் வரும் எண்களை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

நூற்றுப்பத்து ஆண்டுகளின் சாவுக் கணக்கு

கருங்கரடியால் நேர்ந்த சாவுகளைப் பற்றி இன்று கிடைக்கும் மிக முறையான ஆய்வு, கால்கரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹெரேரோவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்டது. 1900 முதல் 2009 வரை கனடாவிலும் அமெரிக்காவிலும், வளர்ப்பில் இல்லாத கருங்கரடிகளால் கொல்லப்பட்டோரை அவர்கள் தேடித் தொகுத்தார்கள். 59 சம்பவங்கள், 63 சாவுகள். ஆண்டுக்கு ஒருவர் என்ற கணக்குக்கும் குறைவு. அந்தக் கண்டத்தில் கருங்கரடிகள் ஏறத்தாழ 9 லட்சம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவற்றில் ஆண்டுதோறும் 40,000 முதல் 50,000 வரை வேட்டையில் கொல்லப்படுகின்றன. கொல்லப்படும் கரடிகளையும் கொல்லப்படும் மனிதரையும் அருகருகே வைத்தால், யாருக்கு யார் ஆபத்து என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஹெரேரோ 1985இல் எழுதிய கரடித் தாக்குதல்கள் பற்றிய நூலில், 1960 முதல் 1980 வரையிலான சுமார் 500 காயங்களை ஆராய்ந்திருந்தார். அவற்றில் 90 விழுக்காடு சிறு காயங்கள். தேசியப் பூங்காக்களில் சாலையோரம் உணவுக்குக் கையேந்திப் பழகிய கரடிகளின் கீறலும் கடியும் அதில் பெரும்பங்கு. அந்தக் கரடிகள் சுற்றுலாப் பயணிகளின் ரொட்டியைத்தான் எதிர்பார்த்தன.

2011 ஆய்வின் உண்மையான கொடை மொத்த எண்ணிக்கையில் இல்லை. சாவுகளின் தன்மையைப் பிரித்துக் காட்டியதில் இருக்கிறது. கொன்ற கரடிகளில் 88 விழுக்காடு மனிதரை இரையாகக் கருதி நடந்துகொண்டவை. இப்படி இரை தேடிக் கொன்றவற்றில் பாலினம் தெரிந்தவை 36. அவற்றில் 33 ஆண் கரடிகள். சம்பவங்களில் 91 விழுக்காட்டில் மனிதர் ஒருவராகவோ இருவராகவோ இருந்தனர். ஆகஸ்ட் மாதத்தில் இத்தகைய சாவுகள் அதிகம். குட்டிகளோடு இருக்கும் தாய்க்கரடியை நெருங்கினால் உயிர் போகும் என்று காடு செல்வோர் அனைவரும் கேட்டு வளர்ந்த பாடம் இந்த எண்களுக்கு முன் ஏறக்குறைய கரைந்துபோகிறது. தாய்க்கரடி மூச்சை உரக்க ஊதும், தாடைகளை அடித்து ஒலி எழுப்பும், தரையை அறையும், நான்கு பாய்ச்சல் ஓடிவந்து சட்டென்று நிற்கும். பார்ப்பவர் குலை நடுங்கும். ஆனால் அது விலகச் சொல்லும் மிரட்டல். விலகினால் பெரும்பாலும் முடிந்துவிடும். கொல்ல வரும் ஆண் கரடி ஓசையே எழுப்புவதில்லை. தலையைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமல், சுற்றிவளைத்துத் திரும்பத் திரும்ப நெருங்கும்.

கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் நடந்த இரண்டு நிகழ்வுகள் இந்த வகையைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1978 மே மாதம் மீன்பிடிக்கப் போன மூன்று பதின்வயதுச் சிறுவர்களை ஒரே கரடி கொன்றது. 1991 அக்டோபரில் ஒபியாங்கோ ஏரித் தீவொன்றில் முகாமிட்டிருந்த இணையர் இருவர் கொல்லப்பட்டனர். இரண்டிலும் கரடிகள் மனிதரை இரையாகவே நடத்தின.

இந்த ஆய்வை அப்படியே ஏற்றுக்கொள்வதிலும் சிக்கல் உண்டு. 63 சாவுகளில் 54, அதாவது 86 விழுக்காடு, 1960க்குப் பிறகு நேர்ந்தவை. கரடி கொடூரமாகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மக்கள்தொகை பெருகியது, காட்டுக்குள் போகிறவர்கள் பெருகினார்கள். ஆய்வாளர்களும் இதையே சுட்டுகிறார்கள். கூடவே, 1910இல் யூகான் காட்டில் ஒரு பொறிவேட்டைக்காரர் தனியே கரடியிடம் இறந்திருந்தால் அது எந்தப் பத்திரிகையிலும் வந்திருக்க வாய்ப்பில்லை. பழைய காலத்து எண்கள் குறைவாகத் தெரிவதில் இதற்கும் பங்கிருக்கும் என்பது என் ஊகம். இப்படிப் பதிவாகாமல் விடுபட்டிருக்கக்கூடியவர்களில் முதலில் வருபவர் தனியே, தொலைவில், துணையின்றிப் போகும் வேட்டைக்காரரும் பொறிவைப்பவரும்தான்.

மின்னல் தாக்கிச் சாவோர், தேனீ கொட்டிச் சாவோர் எண்ணிக்கையோடு கரடியை ஒப்பிடும் வழக்கத்தையும் இங்கே கேள்வி கேட்க வேண்டும். வனத்துறைக் கையேடுகளில் மிகவும் விரும்பப்படும் உத்தி இது. மின்னல் நாட்டில் எல்லாருடைய தலைக்கு மேலும் அடிக்கிறது. கரடி, அதன் காட்டுக்குள் போகிறவரை மட்டும் சந்திக்கிறது. மொத்த மக்கள்தொகையால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் நியூயார்க் அடுக்குமாடிவாசிக்கு ஆறுதல். ஒன்டாரியோவின் வடகாட்டில் தனியே உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் பயனில்லை. வகுக்க வேண்டிய எண், கரடிக் காட்டில் கழிந்த வேட்டை நாட்கள். அப்படியொரு கணக்கு முழுமையாகக் கிடையாது. அருகில் வரக்கூடியது அமெரிக்க அரசின் 2016 கணக்கெடுப்பு: அவ்வாண்டு 1.15 கோடிப் பேர் 18.4 கோடி நாட்கள் வேட்டையில் கழித்தார்கள். இதில் டெக்சாஸ் புறா வேட்டையும் அடங்கும். கரடி இல்லாத இடங்களைக் கழித்தால் எண் சுருங்கும். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் ஆண்டுக்கு 1.8 கோடி நாட்கள் மிஞ்சும். மிகவும் கறாராகக் கணக்குப் போட்டாலும் ஆபத்து மிகச் சிறியதுதான். கையேடுகளின் முடிவு சரி, வழி தவறு.

ஏன் ஓடுகிறது?

1972இல் ஹெரேரோ முன்வைத்த ஒரு விளக்கம் இன்றும் செல்வாக்குடன் இருக்கிறது. கருங்கரடி அடர்காட்டில் உருவான விலங்கு. அதைவிடப் பெரிய ஊனுண்ணிகள் உலவிய காலத்தில் அதற்கு மரமே புகலிடம். வளைந்த குறுநகங்களால் நொடியில் மேலேறிவிடும், குட்டிகளையும் ஏற்றிவிடும். எதிர்த்து நிற்கத் தேவை எழவில்லை. பழுப்புக்கரடி மரமற்ற திறந்தவெளியில் தழைத்தது. ஏறி ஒளிய இடமில்லாத தாய், எதிரியை அடித்து விரட்டித்தான் குட்டியைக் காக்க முடியும். நம்மூர்க் கரடியின் ஆவேசத்தையும் இதே தர்க்கத்தால் விளக்கலாம்: புலி வாழும் காட்டில், புலியும் ஏறக்கூடிய மரத்தில் ஏறித் தப்புவது நிச்சயமில்லை.

இது அழகான விளக்கம். பரிணாம விளக்கங்கள் பெரும்பாலும் அழகாகவே இருக்கும், அதனாலேயே சற்று எச்சரிக்கை வேண்டும். தற்காப்புக் குணத்தை இது நன்றாக விளக்குகிறது. இரை தேடி வரும் ஆண் கரடியைப் பற்றி இதற்குச் சொல்ல எதுவும் இல்லை.

அந்த இடைவெளியைப் புவியியல் ஓரளவு நிரப்புகிறது. 63 சாவுகளில் 49 கனடாவிலும் அலாஸ்காவிலும் நிகழ்ந்தவை. அமெரிக்காவின் ஏனைய 48 மாநிலங்களில் 14. வடக்கே கரடிகள் 1.75 மடங்குதான் அதிகம், சாவுகளோ 3.5 மடங்கு. மனித நடமாட்டம் அங்கே மிகக் குறைவு என்பதையும் சேர்த்தால் வேறுபாடு இன்னும் பெரிதாகும். வடக்கின் காடு ஏழ்மையானது, பழம் பொய்த்தால் பட்டினி என்பது ஒரு விளக்கம். தெற்கே மனிதரோடு முரண்பட்ட கரடிகள் தலைமுறை தலைமுறையாகச் சுட்டுத் தள்ளப்பட்டதால் அஞ்சும் கரடிகளே எஞ்சின என்பது இன்னொன்று. இரண்டாவது விளக்கத்தை வேட்டை அமைப்புகள் விரும்பி எடுத்தாளும். வேட்டை இருந்தால்தான் கரடிக்குப் பயம் இருக்கும் என்பது அவர்கள் வாதம். ஒன்டாரியோ 1999இல் வசந்தகால வேட்டையை நிறுத்தி, 2014இல் சோதனை முறையில் சில பகுதிகளில் மீண்டும் அனுமதித்தபோது இதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. ஜோசப் நார்த்ரப் குழுவினர் 2023இல் வெளியிட்ட முடிவு வேட்டை அமைப்புகளுக்கு உவப்பானதாக இல்லை: வேட்டை திரும்பிய பகுதிகளில் மனிதர்–கரடி முரண்பாடு குறையவில்லை, காட்டில் உணவு கிடைக்கும் அளவைப் பொறுத்தே அது ஏறி இறங்கியது. இந்த ஆய்வு பேசுவது குப்பைத் தொட்டியையும் வீட்டு வாசலையும் நாடும் கரடிகளைப் பற்றி. உயிர்ப்பலி வாங்கும் கரடி அதன் வரம்புக்குள் வரவில்லை. எனவே அச்சம் கற்பிக்கப்படுகிறதா என்ற வினா இன்னும் திறந்தே இருக்கிறது.

வேட்டைக்காரர் என்னும் தனி வகை

இதுவரை சொன்னவை காட்டில் இருக்கும் எல்லாருக்கும் பொது. வேட்டைக்காரர் மலையேறியைப் போன்றவர் அல்லர். கரடிப் பாதுகாப்பு அறிவுரைகளை எடுத்து அவருடைய ஒழுங்கோடு ஒப்பிட்டால் இது விளங்கும். பேசிக்கொண்டே நட என்கிறது அறிவுரை. அவர் மூச்சைக்கூட அடக்குகிறார். கூட்டமாகப் போ என்கிறது. அவர் தனியே போகிறார். விடியலிலும் அந்தியிலும் கவனம் என்கிறது. அவருக்கு வேலையே அப்போதுதான். பளிச்சென்று தெரியும்படி இரு என்கிறது. வில்வேட்டைக்காரர் இலைதழை அச்சிட்ட உடையில் மறைகிறார், மணத்தைக்கூட மறைக்கப் பார்க்கிறார். அடிபட்ட முயலின் ஓலத்தையும் மான்குட்டியின் கதறலையும் ஊதுகுழலில் எழுப்புகிறவர், சாப்பாடு தயார் என்று கரடிக்கு அழைப்பே விடுக்கிறார். வேட்டைப் பருவம் தொடங்கும் இலையுதிர்காலம், குளிர்கால உறக்கத்துக்காகக் கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரிவரை தின்று கொழுக்கும் காலமும்கூட.

இவ்வளவு இருந்தும் வேட்டைக்காரர் சாவுகள் குவியவில்லை என்பதே வியப்புக்குரிய செய்தி. கருங்கரடிக்கு மனிதரைக் கொல்லும் நாட்டம் பொதுவாக இல்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன். அண்மைக் காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட சாவுகளைப் பாருங்கள். 2014இல் நியூ ஜெர்சியில் இறந்தவர், நண்பர்களோடு நடக்கப் போன மாணவர். கரடி பின்தொடர்ந்தபோது ஐவரும் ஆளுக்கொரு திசையில் ஓடினர். 2023 ஜூனில் அரிசோனாவில் இறந்தவர் தம் நிலத்தில் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியாவின் டவுனிவில் ஊரில் இறந்த பெண் தம் வீட்டில் இருந்தார். மூவருமே வேட்டைக்காரர் அல்லர்.

வேட்டைக்காரருக்கே உரிய ஆபத்து அடிபட்ட கரடி. இதைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும்.

கரடி வேட்டை பல மாநிலங்களில் இரைவைத்துச் செய்யப்படுகிறது. பீப்பாயில் பழைய ரொட்டியும் இனிப்பும் கொட்டி, ஐந்தாறு மீட்டர் உயரப் பரணில் காத்திருப்பார்கள். கரடி பெரும்பாலும் கடைசி வெளிச்சத்தில்தான் வரும். அம்பு, துப்பாக்கிக் குண்டைப் போல அதிர்ச்சியால் சாய்ப்பதில்லை. இரத்தம் இழக்கச் செய்து கொல்கிறது. அம்பு பட்ட கரடி ஓடிப் புதருக்குள் மறையும். மானாக இருந்தால் இரத்தத் தடம் இலைமேல் தெளிவாகக் கிடக்கும். இலையுதிர்காலக் கரடிக்குத் தோலடியில் கனத்த கொழுப்பு. அது காயத்தின் வாயை அடைத்துக்கொள்ளும். நீண்ட அடர்மயிர் கசியும் இரத்தத்தைப் பஞ்சாக உறிஞ்சிவிடும். தரையில் விழுவது அங்கொரு துளி, இங்கொரு துளி. பரணிலிருந்து இறங்கியவர் கைவிளக்கோடு குனிந்து தேடிக்கொண்டே, தலையளவு உயரப் புதருக்குள் போகிறார். மூன்றடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. கரடி இறந்து கிடக்கலாம், இறக்காமலும் கிடக்கலாம். அனுபவசாலிகள் அரைமணி நேரமாவது காத்திருக்கச் சொல்வார்கள். ஐயம் இருந்தால் விடியும்வரை. கருங்கரடி தன்னிடமிருந்து ஓடிப்போகாத மிகச் சில தருணங்களில் ஒன்றை வேட்டைக்காரரே உண்டாக்கி, இருட்டில் அதைத் தேடிப்போகிறார்.

நாய்களை விட்டு வேட்டையாடும் முறையிலும் இதே தர்க்கம். ஓட்டமும் மரமும்தான் கரடியின் தற்காப்பு. இரண்டையும் அடைத்துவிட்டால் எஞ்சுவது பல்லும் நகமும். அதன் விலையைப் பெரும்பாலும் நாய்கள் கொடுக்கின்றன. கொலராடோ 1992இலும் ஓரிகன் 1994இலும் வாஷிங்டன் மாநிலம் 1996இலும் பொதுவாக்கெடுப்பில் இரைவைப்பையும் நாய்வேட்டையையும் தடைசெய்தபோது பேசப்பட்டது வேட்டை நெறி. வேட்டைக்காரரின் பாதுகாப்பு முதன்மையான பேச்சாக இல்லை. மேய்ன் மாநிலத்தில் இதே முயற்சி 2004, 2014 ஆகிய இருமுறையும் தோற்றது.

பரண்மீது ஏறும் கரடி தனி வகை. இளங்கரடிகள் மனித மணத்தை முகர்ந்து, என்ன இது என்று பார்க்க ஏணிவரை வருவதும், சில பாதி மரம்வரை ஏறிவருவதும் வில்வேட்டைக்காரர் நன்கறிந்தவை. பெரும்பாலும் ஒரு குரல் கொடுத்தால் இறங்கிவிடும். குரல் கொடுத்தால் அன்றைய வேட்டை போச்சு என்று வாய்மூடி இருப்பவர்தான் நிலைமையை நீட்டிக்கிறார்.

துப்பாக்கியா, மிளகாய்த் தெளிப்பானா?

கையில் துப்பாக்கி இருப்பவருக்கு என்ன ஆபத்து என்று கேட்கலாம். டாம் ஸ்மித்தும் ஹெரேரோவும் உடன் ஆய்வாளர்களும் அலாஸ்கா பதிவுகளைக் கொண்டு இரண்டு ஆய்வுகள் செய்தார்கள். 2008இல் வந்தது மிளகாய்த் தெளிப்பானைப் பற்றியது: 1985 முதல் 2006 வரை 83 சம்பவங்கள். பழுப்புக்கரடியிடம் 92 விழுக்காடும் கருங்கரடியிடம் 90 விழுக்காடும் அது வேலை செய்தது. தெளிப்பானோடு இருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர். 2012இல் வந்தது துப்பாக்கியைப் பற்றியது: 1883 முதல் 2009 வரை 269 சம்பவங்கள். கைத்துப்பாக்கி 84 விழுக்காடும் நீள்துப்பாக்கி 76 விழுக்காடும் கரடியைத் தடுத்தன. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் வைத்திருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் இடையே காயமடைவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

தெளிப்பான் துப்பாக்கியைவிடச் சிறந்தது என்று இவற்றிலிருந்து செய்தித்தாள்கள் முடிவு கட்டின. இரண்டு ஆய்வுகளும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல. துப்பாக்கி ஆய்வின் பதிவுகள் இரத்தம் சிந்திய சம்பவங்களை நோக்கிச் சாய்ந்தவை. ஒரே குண்டில் கரடியை விரட்டிவிட்டு வீடு திரும்பியவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தெளிப்பான் ஆய்விலோ, பாயாமல் வெறுமனே மோப்பம் பிடித்து வந்த கரடிகளும் கணிசம். தவிர, தெளிப்பான் ஆய்வின் 83 சம்பவங்களில் கருங்கரடி வருபவை 20 மட்டுமே. துப்பாக்கி ஆய்வின் 357 கரடிகளில் 300 பழுப்புக்கரடிகள். கருங்கரடியைப் பற்றி இவற்றிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. ஆயினும் ஒரு செய்தி நிற்கிறது: புதருக்குள்ளிருந்து ஐந்து மீட்டரில் வரும் விலங்கைக் குறிபார்த்துச் சுட நேரம் போதாது என்ற நடைமுறை உண்மையை இரண்டாவது ஆய்வு எண்ணிக்கையில் காட்டிவிட்டது. அம்பு பூட்டிய வில்லோடு நிற்பவருக்கு அந்த நேரம் இன்னும் குறைவு.

பழுப்பென்றால் படுத்துக்கொள், கறுப்பென்றால் எதிர்த்துப் போராடு என்ற பொருளில் அங்கே வழங்கும் பாட்டுமொழியும் திருத்தம் கோருகிறது. மேற்கு மாநிலங்களில் கருங்கரடி பழுப்பாகவும் இலவங்க நிறத்திலும் வருகிறது. பிரிட்டிஷ் கொலம்பியக் கடற்கரையில் சில வெள்ளையாகவே பிறக்கின்றன. நிறத்தை நம்பினால் இனத்தையே தவறாக எடைபோட நேரும். அதைவிட முக்கியம் கரடியின் நோக்கம்: மிரட்டும் கரடிக்கு இடம்விட்டுப் பின்வாங்குவது, அமைதியாகப் பின்தொடரும் கரடியைக் கல்லும் கட்டையும் கொண்டு எதிர்ப்பது. இந்த வேறுபாடு பாட்டில் இல்லை.

கரடி இல்லாமலே

காட்டில் வேட்டைக்காரரை உண்மையில் வீழ்த்துபவற்றை வரிசைப்படுத்தினால் கரடி எங்கோ கீழே வரும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஜார்ஜியா மாநிலத்தில் 1979 முதல் 1989 வரை பதிவான மான்வேட்டைக் காயங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 36 விழுக்காடு பரணோடு தொடர்புடையவை என்று தெரிந்தது: ஏறும்போது வழுக்கியது, உறக்கத்தில் சரிந்தது, பலகை முறிந்தது. மிச்சிகனில் நடுவயது வேட்டைக்காரர் 25 பேரின் இதயத் துடிப்பை அளந்த 2007 ஆய்வில், பலருக்கு அது மருத்துவமனை உடற்பயிற்சிச் சோதனையில் எட்டிய உச்சத்தையும் தாண்டியிருந்தது. ஆண்டு முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு, குளிரில் 80 கிலோ மானை இழுத்துவரும் உடம்புக்குக் கரடி வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை.

கரடியே காரணமான தீங்குகளில்கூட, பதிவேட்டில் அடிக்கடி தலைகாட்டுவது நகமோ பல்லோ அல்ல. கருங்கரடியின் தசையில் டிரைக்கினெல்லா என்னும் நுண்புழுவின் இளம்புழுக்கள் கூடுகட்டி இருக்கலாம். பன்றி இறைச்சியில் இந்தப் புழு அமெரிக்காவில் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. வேட்டை இறைச்சியில், அதிலும் கரடி இறைச்சியில், ஒழியவில்லை. 2016 முதல் 2022 வரை அங்கே இந்நோய் ஏழு முறை கூட்டாகப் பரவியது. மொத்தம் 35 பேர், பெரும்பாலான பரவல்களுக்குக் கரடி இறைச்சியே மூலம் என்று கண்டறியப்பட்டது அல்லது ஐயப்படப்பட்டது. வடபுலக் கரடிகளில் காணப்படும் புழுவகை உறைகுளிரையும் தாங்கும் என்பதால், உறைபெட்டியில் வைத்திருப்பது காப்பாகாது. இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொடும்வரை வேக வேண்டும்.

2022 கோடையில் தெற்கு டகோட்டாவில் கூடிய ஒரு குடும்பத்தின் கதையை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024இல் வெளியிட்டது. மே மாதம் கனடாவின் சஸ்காச்செவானில் சுடப்பட்ட கருங்கரடியின் இறைச்சி, 45 நாட்கள் வீட்டு உறைபெட்டியில் இருந்தது. அதைக் காய்கறிகளோடு கம்பியில் கோத்துச் சுட்டுப் பரிமாறினார்கள். கரடி இறைச்சி இயல்பிலேயே கருஞ்சிவப்பு. வெந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சிலர் தின்னத் தொடங்கிய பிறகுதான் பச்சையாக இருப்பது தெரிந்தது; மறுபடியும் சுட்டார்கள். ஆறு பேருக்கு நோய் கண்டது, மூவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நோயுற்ற அறுவரில் இருவர் இறைச்சியைத் தொடவே இல்லை. அதோடு சேர்ந்து வெந்த காய்கறிகளை மட்டும் சாப்பிட்டவர்கள். கரடித் தாக்குதல் பற்றிய எந்தப் பட்டியலிலும் இந்த அறுவர் வர மாட்டார்கள். அந்தக் கரடியைச் சுட்டவர், அதனிடமிருந்து ஒரு கீறல்கூடப் படாத நல்ல வேட்டை என்றே அதைக் கணக்கில் எழுதியிருப்பார்.